மூன்றாம் ஆள் யார்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ரோட்டில் பாலம் உடைந்தது. கூடவே வண்டிக்காரன் முத்தையாவின் காலும் உடைந்தது. இவை இரண்டையும் விடப் பெரிய கோளாறு ஒன்றை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே நான் செய்துவைத்திருந்தேன். இந்த வாரம் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரம்புக்கனைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிளாக்கர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ரோட்டுக்கும் நான் செக்ரட்டரி என்பது தெரியாது. தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் இரண்டு மைல் பாதை சர்க்காருடையது அல்ல. எங்கள் தோட்டம், நாலைந்து சிங்களக் காணிக்காரர்கள், வளைவில் கடை வைத்திருக்கும் காசிம் நானா — எல்லோரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து பராமரிக்கிறோம். தோட்டத்தை நடத்தும் துரைதான் தலைவர். கூட்டத்துக்கு வரமாட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எல்லோரும் நம்பியதால் நான் செக்ரட்டரி ஆனேன்.

போன வருஷம் சங்கத்தின் பேரில் ஓர் இன்ஷூரன்ஸ் எடுத்தோம். ரோட்டின் குறையால் யாருக்காவது அடிபட்டால், சங்கத்துக்குப் பதிலாகக் கொழும்புக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பாலிசியில் பக்கத்துக்குப் பக்கம் 'தேர்ட் பார்ட்டி, தேர்ட் பார்ட்டி' என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கூட்டத்தில் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்... ஒரு கிளாக்கர் அப்படிச் சொல்வாரா?

"மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பார்கள்" என்றேன். காணிக்காரர்களுக்காக "துன்வெனி மினிஹா" என்று சிங்களத்திலும் சொல்லிவைத்தேன். ஒரே தப்பை இரண்டு பாஷையில் செய்த பெருமை எனக்கு உண்டு.

முதல் ஆளுக்கு ஏன் இல்லை, இரண்டாம் ஆள் என்ன பாவம் செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் தலையை எண்ணி வேலைக்கு அனுப்புகிற ஊர் இது. மூன்றாவது தலைக்கு மட்டும்தான் என்று கம்பெனி தீர்மானித்தால் அது கம்பெனியின் இஷ்டம்.

மறுவாரத்திலிருந்து எங்கள் ரோட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வண்டியில் முதலில் ஏற யாரும் தயாரில்லை. "நீங்க ஏறுங்க." "இல்லங்க, நீங்க மொதல்ல ஏறுங்க." வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன மரியாதையான ஜனங்கள் என்று நினைப்பார்கள்!

எல்லோரையும்விட மரியாதைக்காரர் காசிம் நானா. "எனக்கு அவசரமில்ல கிளாக்கர், மூணாவதா ஏறுறேன்" என்று வெயிலில் நிற்பார். வண்டிக்காரனுக்குத்தான் வழியே இல்லை. மாட்டைப் பூட்டுகிறவன் எப்படி எண்ணினாலும் முதல் ஆள்தானே?

செவ்வாய்க்கிழமை முத்தையா, ரம்புக்கனையிலிருந்து காசிம் நானா கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்தான். பக்கத்தில் அவன் பெண்சாதி மாரியாயி. பின்னால், மூன்றாவதாக, காசிம் நானா. பாலத்துப் பலகை ஒன்று முறிந்து சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. மாரியாயிக்கு முழங்கையில் சிராய்ப்பு. காசிம் நானாவின் தொப்பி ஓடையோடு போனது. முத்தையாவின் கால் சக்கரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கேகாலை ஆஸ்பத்திரியில் தொடைவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். சொந்த வண்டி, சொந்த மாடு. ஓட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது. கம்பெனி கொடுக்காவிட்டால் மாட்டை விற்கத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை கம்பெனி இன்ஸ்பெக்டர் ரயிலில் வந்து இறங்கினார். தமிழ்க்காரர். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டிலருகில் மாரியாயியும் காசிம் நானாவும் இருந்தார்கள்.

"வண்டிய நான் ஓட்டலைங்க" என்று முத்தையா தானாகவே ஆரம்பித்தான். "பின்னால மூணாவதா குந்தியிருந்தேங்க."

"அப்போ ஓட்டியது யார்?"

"நான்தான்" என்றார் காசிம் நானா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடத்தை, மனுஷன் அந்தக் கட்டிலில் கிடந்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்!

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "இடது பக்கத்து மாடு என்ன நிறம், முதலாளி?"

காசிம் நானா தொப்பியில்லாத தலையைச் சொறிந்தார். "மாட்டு நிறம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "பொய் சொன்னால் கம்பெனி ஒன்றும் தராது. எதற்கு இந்த நாடகம்?"

"கிளாக்கரய்யா சொன்னாருங்க... மூணாம் ஆளுக்குத்தான் குடுப்பாங்கன்னு" என்றான் முத்தையா. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். சங்கம் முதல் ஆள். கம்பெனி இரண்டாம் ஆள். இந்த இரண்டு பேருக்கும் வெளியே, ரோட்டில் போகிற வருகிற எவரும் மூன்றாம் ஆள். வண்டி ஓட்டினாலும் சரி, நடந்து போனாலும் சரி.

"அப்ப நான்?" என்றார் காசிம் நானா.

"நீங்கள் சங்கத்தில் மெம்பர். முதல் ஆள்."

"யா அல்லாஹ்! ஒரு வருஷமா கடைசியா ஏறினேனே!"

முத்தையாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் விடவில்லை. "ஒரே கேள்விதான் பாக்கி. குறை வண்டிக்காரனிடமா, ரோட்டிலா? பாரம் அதிகம் ஏற்றியிருந்தால் கம்பெனி பொறுப்பல்ல. செக்ரட்டரி என்ன சொல்கிறீர்கள்?"

என் கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கம்பெனிக்குக் கொடுக்க நானே எழுதியது. 'வண்டியில் பாரம் அதிகம்' என்று, அழகான கையெழுத்தில்.

மாரியாயி என் பக்கம் திரும்பினாள். "பலகை உளுத்துப்போச்சுன்னு போன மாசமே இவரு ஒங்ககிட்ட வந்து சொன்னாரா இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க? அத சொல்லுங்கய்யா இப்ப."

நான் சொன்னது, "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்." அதைத் திருப்பிச் சொல்ல நாக்கு எழவில்லை. துரை காதுக்குப் போனால் என் வேலையே போகலாம். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

கடிதத்தை வெளியே எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் நோட்டை வாங்கி, 'பலகை உளுத்தது எனக்குத் தெரியும். நான் மாற்றவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "கம்பெனி கொடுத்துவிடும்" என்றார் அவர். மாரியாயி என் பக்கம் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

மூன்றாம் ஆளாக நிற்க ஒரு வருஷமாக ஊரே போட்டி போட்டது. முதல் ஆளாக நிற்கவேண்டிய நான் எழுந்து நிற்பதற்கு ஒரு கால் உடையவேண்டியிருந்தது — அதுவும் என்னுடையதல்ல.