பீரோ பாகவதரும் மேல் வீட்டுக் குதிரையும்

என் அக்கா புருஷனுக்குத் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். பைத்தியம் பாட்டு. வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பீரோ பாகவதர். சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய மர பீரோவுக்குள், தொங்குகிற துணிகளுக்கு அடியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடிப் பதிவு செய்வார். எதிரொலியைத் துணி குடித்துவிடுமாம். போன், துணி மாட்டும் கிளிப்பில் மூக்குக்கு நேரே தொங்கும். வெளியே வரும்போது ஆள் தொப்பலாக நனைந்திருப்பார்.

"என் நல்ல துணியெல்லாம் உங்க வேர்வை நாத்தம்" என்பாள் அக்கா. "ஒளிஞ்சுக்கிட்டுப் பாடுறீங்களே, அது பாட்டா, திருட்டா?"

"கலைடி, கலை."

எல்லாம் அவரே கட்டிய பாட்டு. காலுறையில் ஒன்றை மட்டும் தின்னும் மெஷினைப் பற்றி ஒன்று. 'வந்துட்டே இருக்கேன்' என்று போனில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகும் அவருடைய முதலாளியைப் பற்றி ஒன்று. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். யாராவது சிரித்தால் போதும், அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு இறங்கும்.

ஒரே தொல்லை, பீரோவுக்கு நேர் மேலே இருந்த வீடு. புதிதாகக் குடிவந்தவர்கள். இவர் வாயைத் திறந்தால் அங்கே 'டக்... டொக்' என்று ஆரம்பிக்கும். சத்தத்தை வைத்தே மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்கிறவர், இது என்னவென்று பிடிபடாமல் சில நாள் பல்லைக் கடித்தார். அப்புறம் அதையே தாளமாக்கிவிட்டார். விட்டு விட்டு வந்த சத்தத்தில், நடுவே இருந்த வெறும் இடத்தையெல்லாம் வெட்டி எறிந்து, டக்கையும் டொக்கையும் நெருக்கி ஒட்டினார். நாலுகால் பாய்ச்சலில் ஓடியது பாட்டு:

மேல வீட்டுல குதிரை வாங்கிட்டாங்க
லிஃப்ட்டுல எப்படி ஏத்திட்டாங்க?
கொள்ளு எங்க ஊறுது, கொட்டகை எங்க நாறுது
கூடத்துல ரேஸு ஓட விட்டுட்டாங்க!

"யாரு என்னன்னு தெரியாம எதுக்குங்க இது?" என்றாள் அக்கா.

"அவங்க இன்னும் குழுவிலயே இல்லடி. குதிரைக்கா கோபம் வரப்போகுது?"

அவர் போட்டதிலேயே அதிகம் ஓடியது அந்தப் பாட்டுதான். பிள்ளைகள் மாடிப்படியில் குதித்துக் குதித்துப் பாடின. மேலே சத்தம் நின்றுவிட்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மாமா மட்டும், "பாத்தியா, குதிரையை வித்துட்டாங்க" என்றார்.

ஒருநாள் மேல் வீட்டிலிருந்தே ரிப்பேருக்கு அழைப்பு வந்தது. மெஷினை இழுக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார். கதவைத் திறந்த பெண், "வாங்கண்ணா, சுத்தவே மாட்டேங்குது" என்றாள். கூடத்தில் அவளுடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தபால்காரம்மா. சுவரில் மாட்டியிருந்த காக்கிப் பை சொன்னது. மூலையில், நடக்க முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற நாலு கால் இரும்புச் சட்டம் ஒன்று. அதன்மேல் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

மாமா அதைப் பார்த்தார். உடனே போய் மெஷின் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான்தான் கேட்டேன். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"வண்டியில இருந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. நல்லா நடந்துட்டுதான் இருந்தாங்க. கீழ யாரோ குதிரைன்னு பாட்டு கட்டி விட்டிருக்காங்க. அதைக் கேட்டதுல இருந்து எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. இப்படியே உக்காந்திருந்தா கால் இறுகிப்போயிடும், வேலையை மறந்துடுங்கங்கறார் டாக்டர்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. தலை வெளியே வரவில்லை. கழுத்துப் பின்புறம் மட்டும் சிவந்துகொண்டே போனது. பிறகு டிரம்முக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுவது போல ஒரு குரல் வந்தது.

"அந்தப் பாட்டு... நான்தாங்க."

பீரோவுக்குள் அவர் அத்தனை பாடுபட்டு ஒழித்த எதிரொலி, 'நான்தாங்க, தாங்க, ஆங்க' என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தது. வேறு நாளாக இருந்தால் நானே அதைச் செய்து காட்டிச் சிரித்திருப்பேன்.

"வெளிய வந்து சொல்லு தம்பி" என்றார் தபால்காரம்மா.

வந்து நின்றார். கையில் இருந்த கிரீஸ் துணியையே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. தெரியாம..."

"அதை விடு. படியில ஒரு பிள்ளை போன்ல போட்டப்போ பாட்டை நானும் கேட்டேன். சத்தம் என்னோடதுதான். ஆனா ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நான் நின்னு மூச்சு வாங்குவேனே, அது எங்க?"

மாமா கிரீஸ் துணியைப் பார்த்துச் சொன்னார். "வெட்டிட்டேங்க. பாட்டுக்கு... சேரல."

"அதை எடுத்துட்டா குதிரை மாதிரிதான் கேக்கும்." மகளிடம் திரும்பினார். "அந்தத் துண்டையெல்லாம் எடுடி."

சட்டத்தைப் பிடித்து எழுந்தார். மாமா கை கொடுக்கப் போனார்.

"கை வேணாம். பாடு. வெட்டாம பாடு."

"அம்மா, வேண்டாங்கம்மா..."

"ஊருக்கெல்லாம் பாடினே. எனக்குப் பாட மாட்டியா?"

டக்.

"மேல..." என்றார் மாமா. தபால்காரம்மா நின்று மூச்சு வாங்கினார். அது முடியும்வரை மாமாவும் நிற்க வேண்டியிருந்தது. டொக். "வீட்டுல..." மறுபடி மூச்சு. "குதிரை..." அந்த வேகத்தில் பாட்டில் ஒரு சிரிப்பும் மிஞ்சவில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளாடையோடு தெருவில் நிற்கிறவன் மாதிரி நின்றது. 'நாறுது' வந்தபோது மாமா அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தார்.

"ம்?" என்றார் தபால்காரம்மா.

"நா... நாறுது."

டக்.

அப்போது பார்த்துப் படியில் பிள்ளைகள் அதே பாட்டைப் பாடிக்கொண்டு தடதடவென்று இறங்கின. தபால்காரம்மா அப்படியே நின்றார். கண் நாற்காலிப் பக்கம் போனது.

மாமா போய்க் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார். கண்ணைத் துடைத்தார், கிரீஸ் கன்னம் முழுக்க ஈஷிக்கொண்டது. படியைத் தாண்டிக் கேட்கும்படி, இழுத்து இழுத்து, அந்தம்மாவின் மூச்சுக்குக் காத்திருந்து காத்திருந்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசலில் வந்து நின்று பார்த்தன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

தபால்காரம்மா சட்டத்தைத் தூக்கி ஒரு அடி முன்னால் வைத்தார்.