முதுகு காட்டாத கார்

தொழிற்சாலையில் வாரம் முழுக்க நுண்ணோக்கி வழியாகச் சில்லுகளைச் சோதிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருள் ஒன்றைத் தொட வேண்டும் போலிருக்கும். அதற்காகத்தான் முப்பது வயது தாண்டிய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். "மத்த பொம்பளைங்க நகை வாங்குறாங்க" என்றார் கணவர். ஆனால் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு முதலில் வருபவர் அவர்தான்.

ஒரு ஞாயிறு அதன் ஆட்டோ கியர் கைவிட்டது. முன்னால் போகும் கியரில் போட்டால் இயந்திரம் உறுமியது, கார் அசையவில்லை. ரிவர்ஸ் மட்டும் வெண்ணெயாக வேலை செய்தது. பாடாங் செராய் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியை அழைத்தேன்.

"இழுக்குற லோரி செவ்வாக்கெழமதான் வரும்கா. ரிவர்ஸ் போகுதுல்ல? அப்படியே வந்துருங்க லா. மூணு கிலோமீட்டர்தான, எஸ்டேட் ரோட்ல எவன் இருக்கான்?"

செவ்வாய் வரை பொறுக்க எனக்கு மனமில்லை. கணவர் மோட்டார் சைக்கிளில் சிவப்புத் துண்டை ஆட்டியபடி வழிகாட்ட, நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஓட்டத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் செம்பனை, ஓரத்தில் ஆழமான வாய்க்கால். ஒதுங்க இடமே இல்லாத சாலை.

பாதி வழியில் உறுமி மேளம் கேட்டது. கழுத்தை முன்பக்கம் திருப்பினேன். நான் கடந்து வந்த சந்திலிருந்து ஒரு சாவு ஊர்வலம் சாலையில் ஏறி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பிண வண்டி, அதன் நெற்றியில் மாலை போட்ட ஒரு பெரியவரின் படம். நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அவர்கள் நடக்கும் வேகத்திலேயே பின்வாங்கிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்து முன்னால் திரும்பும்போதெல்லாம் பெரியவர் என்னைப் பார்த்தார். மரியாதைக்காக ஒருமுறை கும்பிட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது.

சுடுகாட்டு வளைவில் நின்றவர், கணவரின் சிவப்புத் துண்டைப் பார்த்து அவரையும் ஏற்பாட்டாளராக எண்ணி, எங்களை உள்ளே அனுப்பிவிட்டார். காரை நிறுத்தியதும் மொட்டையடித்த ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இறந்தவரின் மூத்த மகன்.

"வழி பூரா எங்கப்பாவுக்கு முதுகு காட்டாம வந்தீங்கக்கா. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் இது தோணல."

கணவர் தலையைக் குனிந்து, "பெரியவருக்கு இதுகூட செய்யலன்னா எப்படி தம்பி" என்றார். அவரை முறைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. கடைசிவரை நின்று வாய்க்கரிசியும் போட்டோம்.

பட்டறைக்குப் போனதும் மெக்கானிக் தம்பி காரைத் தொட மறுத்தான். "சுடுகாட்டுலருந்து நேரா வருதா? மொதல்ல மஞ்சத்தண்ணி தெளிங்கக்கா." தெளித்த பிறகுதான் அடியில் படுத்தான். வடித்த எண்ணெய் கருகிப்போய்க் கறுப்பாக வந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தபோது, முன்னால் போவதற்கான கிளட்ச் தகடுகள் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தன. ரிவர்சுக்கான தகடுகளில் பழுதே இல்லை. "இது தனி, அது தனிக்கா. அதான் பின்னால மட்டும் ஓடுச்சு." தகடுகளையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிப் பூட்ட இரண்டு வாரம் ஆனது.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அந்த மகன் ஆள் அனுப்பி அழைத்தார். சரிசெய்த காரில்தான் போனோம். இலை போடுவதற்கு முன் அவரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்கு அவர் அப்பாவைத் தெரியவே தெரியாது, கியர்தான் காரணம் என்று.

அவர் தலையசைத்தார். "தெரியும்கா. பட்டறைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான். மறுநாளே சொல்லிச் சிரிச்சான்."

"அப்புறம் ஏன் கூப்பிட்டீங்க?"

"அம்மாதான் கூப்பிடச் சொன்னாங்க. அவங்ககிட்ட இத சொல்லிறாதீங்க."

அம்மா வெள்ளைச் சேலையில் வாசலில் நின்று என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"இது முன்னாலயும் ஓடுமா, பாப்பா?"

"ஓடும்மா."

"அப்ப சாப்பிட்டுட்டு என்ன ஒரு சுத்து கூட்டிட்டுப் போ. வீட்டுக்குள்ளயே இருந்து மூச்சு முட்டுது."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவும் இல்லை.