இல்லை என்று சொல்லாத வீடு

குழந்தைகளை எடை பார்க்கும் அந்தத் தராசு, துணை சுகாதார நிலையத்தின் கொக்கியில் தொங்கும் ஒரு துணித் தூளி. இரண்டு மாதக் குழந்தையான என் மகளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன காலையில், அதில் அவளைக் கிடத்திவிட்டு, முள் நின்ற இடத்தை சிஸ்டர் இரண்டு முறை குனிந்து பார்த்தார். போன மாதம் இருந்த அதே எடை. அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரியும். நான் என்ன சொல்வேன் என்பதும் தெரியும்.

எங்கள் வீடு செவிலிமேட்டில். மணமாகி வந்த முதல் வாரம் ஜாடியைத் திறந்து பார்த்து, “உப்பு இல்ல அத்த” என்றேன். என் மாமியார் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். “அந்த வார்த்தய இந்த வீட்ல சொல்லாதம்மா. உப்பு நெறஞ்சிருக்குது, வாங்கியாரணும்னு சொல்லு.” குரலில் கோபமே கிடையாது. விளக்கைக்கூட அவர் அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார். எனக்கும் இது புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் பட்டுக்கடையில் வேலை பார்த்தவள் நான். கேட்ட நிறம் கைவசம் இல்லாவிட்டால், “அதவிட எடுப்பா ஒண்ணு காட்டறேன்மா” என்று அடுத்த புடவையை விரிக்கத்தான் அங்கே பழக்கியிருந்தார்கள். நயமான வழக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குறையைச் சொல்லால் பெரிதாக்க வேண்டாம் என்று முன்பு யாரோ பரிவோடு யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் குழந்தை பிறந்த பிறகு அந்த வழக்கத்துக்குள் எனக்கு மூச்சு முட்டியது. தினமும் பூண்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே அத்தை கேட்பார்: “பால் இருக்குதாம்மா?”

“இருக்குது அத்த.”

குழந்தை குடித்து முடித்ததும் அழும். “இப்பதான குடிச்சிக்கினு இருந்தா? கண்ணு பட்டுருக்கும்” என்று அத்தை மிளகாய் சுற்றிப் போடுவார். பால் இல்லையென்று தாய் தன் வாயால் சொன்னால் இருப்பதும் வற்றிவிடும் என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். நான் பட்டம் வாங்கியவள், அதை நம்பவில்லை. ஆனால் ஒருவேளை உண்மையாக இருந்தால்? நான் சொல்லி, அதனாலேயே வற்றிவிட்டால்? வேலையிலிருந்து போன் செய்யும் கணவரிடம் சொல்ல வாயெடுப்பேன். “நல்லாருக்கா” என்று சொல்லி வைத்துவிடுவேன்.

“பாப்பாவுக்குப் பால் பத்துதாம்மா?” என்றார் சிஸ்டர், தராசு முள்ளிலிருந்து நிமிர்ந்து.

“அதெல்லாம் நல்லா இருக்குதுமா” என்றார் என்னோடு வந்திருந்த அத்தை.

“ஏம்மா, பால் உங்களுக்கா சுரக்குது? அது சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க.”

அத்தை வெளியே போனார். அறையில் நாங்கள் மட்டும். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. சிஸ்டர் மறுபடியும் கேட்டார். “இருக்குது சிஸ்டர்” என்றேன். என் குரலை நானே கேட்டுத் திடுக்கிட்டேன்.

அவர் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து என் மடியில் கிடத்தினார். பிறகு வேறு விதமாகக் கேட்டார். “ஒரு நாளைக்கு எத்தன வாட்டி ஒண்ணுக்குப் போவுது? ஆறு வாட்டியாவது போவணும்.”

எண்ணிக்கை கேட்டால் சொல்ல முடிந்தது. “மூணு. சில நாள் ரெண்டுதான்.” சொல்லிவிட்டு அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து குழந்தையைத் தேற்றினார்கள். அங்கே கட்டிலருகே உட்கார்ந்து என் தலையைத் தடவியபடி அத்தை சொன்னார்: “எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.” எப்படி என்று கேட்க நினைத்தேன். “சரி அத்த” என்றேன்.

இப்போது மகளுக்கு நான்கு வயது. நேற்று பள்ளியிலிருந்து வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலையில் வைத்த சாம்பார் சாதம் ஒரு பருக்கை குறையாமல் இருந்தது. கூடத்திலிருந்து அத்தை, “பாப்பா சாப்ட்டாளாம்மா?” என்றார்.

“சாப்ட்டா அத்த” என்றேன், மூடியை அழுத்திக்கொண்டே.

மகள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு ஓடிப்போய், “சாப்ட்டேன் ஆயா” என்றாள்.