நாற்பத்தோராவது குறி

அலுவலகத்தில் அவளுக்கு "ரெண்டுவாட்டி" என்று பெயர். முகத்துக்கு நேரே ரெண்டுவாட்டி அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ரெண்டுவாட்டி. பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று வாசல்வரை போனவள் திரும்பி வருவாள். பஸ் ஓட்டும் அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்னைக் கட்டிக்கறதுக்கே ரெண்டு வாட்டி பாத்துட்டுத்தான் தலையாட்டினா. முதல் வாட்டி பாத்தது நான்தானான்னு சந்தேகம்" என்று சொல்லிச் சிரிப்பார். அவளுக்குக் கோபம் வராது. சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே.

ஆலைகளில், கிரேன்களில், பெரிய லிஃப்ட்டுகளில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பதிவுப்பெட்டி இருக்கும். எந்த நொடியில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று அது பாட்டுக்கு ஒரு காந்த நாடாவில் குறித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறவரை அதை நாய்கூடச் சீந்தாது. எங்காவது ஏதாவது வெடித்து நாலு பேர் செத்தால் மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பத்திரமாக விபத்து விசாரணை அலுவலகத்தில் அவள் மேஜைக்கு அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜைதான் அவள் உலகம். ஜன்னலோரத்தில் படிக்கும் கருவி, பக்கத்தில் கட்டம் போட்ட தாள், சீவிய பென்சில் மூன்று.

படிப்பது என்றால் சும்மா இல்லை. பெட்டி எழுதுகிற முனை மெல்லியது, குறிகளை நெருக்கி நெருக்கி எழுதிவிடும். படிக்கிற முனையோ அகலம். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துக் குறிகள் இரண்டு அதில் விழும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து வரும். அடுத்து இரண்டும் மூன்றும், பிறகு மூன்றும் நான்கும். இப்படி ஒவ்வொரு குறியும் இரண்டு தடவை கண்ணில் படும். படிப்பதில் பிசகு நேர்ந்தால் அந்த இரண்டு பார்வையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடும். ஆனால் நாடாவில் இருக்கும் குறியே கெட்டுப்போயிருந்தால்? இரண்டு பார்வையும் அதே பொய்யைக் கைகோத்துக்கொண்டு சொல்லும். அதைப் பிடிப்பதற்குத்தான் நிமிஷத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு அறுபது குறி, அதன் கடைசியில் காவல் குறிகள் என்று வைத்திருந்தார்கள். அந்த அறுபதையும் கூட்டிப் பெருக்கிக் கிடைத்தவை அவை. நடுவே சில குறிகள் கெட்டிருந்தாலும் காவல் குறிகளை வைத்துக் கணக்குப் போட்டால், கெட்டது எது, அங்கே இருந்திருக்க வேண்டியது எது என்று கண்டுபிடித்துவிடலாம். இது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கையேட்டில் அந்தப் பக்கத்தை எழுதியதே அவள்தான்.

அட்டைப்பெட்டி ஆலையில் பாய்லர் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. உலர்த்தும் கூடத்தில் நின்ற ஏழு பேரும் போனார்கள். செங்கல் சுவருக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பாய்லர்காரர் ஒருவர்தான் பிழைத்தார். இடது கை வெந்து, இரண்டு காது ஜவ்வும் கிழிந்து, அன்றைய பொழுது துண்டு துண்டாகத்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்படியிருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அபாய மணி அடிக்கவே இல்ல. அடிச்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? கத்தியிருக்க மாட்டேனா?"

ஆலைக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். மணி அடித்தது, தொல்லை என்று அவர்தான் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தார் என்றார்கள். மணி அடித்ததா என்று பெட்டியில் பதியாது. பொத்தானை அழுத்தியது மட்டும் பதியும், மூன்று என்று. ஒன்றும் அழுத்தாவிட்டால் சுழி. ஆக ஏழு உயிருக்கும் யார் பொறுப்பு என்பது அந்த நாடாவில் ஒரு மூன்று இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

நாடா பாதி உருகி வந்தது. நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் படித்தாள். கடைசி நிமிஷத்து வரிசையில், நாற்பத்தோராவது இடத்தில், ஒரு மூன்று. மங்கல்தான். ஆனால் வெந்த நாடாவில் எதுதான் மங்கல் இல்லை? நாற்பதோடு சேர்த்துப் பார்த்தாள், மூன்று. நாற்பத்திரண்டோடு சேர்த்துப் பார்த்தாள், மூன்று. வரிசையின் கடைசிக்குப் போனாள். காவல் குறிகள் இருந்த இடம் கரியாகிக் கிடந்தது.

விதி என்னவோ தெளிவுதான். காவல் குறி போனால் அந்த வரிசைக்கு நேரே "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு எழுந்து போக வேண்டியது. அதைத்தான் மேலதிகாரியிடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என்னம்மா நீங்க? ஏழு பேர் செத்திருக்காங்க. தெரியலைன்னு வெத்துக் கட்டத்தை அனுப்பினா காறித் துப்புவாங்க. ரெண்டு பார்வையிலயும் ஒரே குறிதானே வந்துச்சு?"

"ஆமா சார்."

"முட்டிக்கலையே?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ரெண்டு சாட்சி இருக்கு. எழுதிக் குடுங்க."

அவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் அது நியாயமில்லை. அவளுக்கும் அந்த மூன்றின் மேல் ஆசை வந்துவிட்டது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு நாள் கண் எரியத் தேடிக் கிடைத்த குறி. இரண்டு தடவை பார்த்த பொருளை நம்பாமல் வேறு எதை நம்புவது? பென்சிலால் 3 என்று எழுதினாள். அதன் மேலேயே பேனாவால் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் விதியை மீறியது அந்த ஒரே தடவைதான், அது போதாதா?

பாய்லர்காரருக்கு ஒன்பது வருஷம் கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்றே ஆலைக் குடியிருப்பிலிருந்து அவர் மனைவியையும் மகளையும் சாமான் செட்டோடு வெளியே அனுப்பினார்கள். அவள் அதைச் செய்தித்தாளில் படித்து, மடித்து, அலமாரித் தட்டுக்கு விரிப்பாகப் போட்டாள். பாவம்தான், ஆனால் செய்தவன் அனுபவிக்க வேண்டியதுதானே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை நினைத்துப் பிற்பாடு அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி அழுதிருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு நாடா வந்தது. ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்த வழக்கு. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அடைத்துப் பூட்டிய கிடங்கில், உள்ளே ஈ காக்கை இல்லாத நேரத்தில், யாரோ பொத்தானை அழுத்தியதாக ஒரு மங்கலான மூன்று. இரண்டு பார்வையும் ஒத்துப்போயின. இந்த முறை காவல் குறிகள் பிழைத்திருந்தன. கணக்குப் போட்டாள். அங்கே இருக்க வேண்டியது சுழி என்று வந்தது.

அப்படியானால் மூன்று எங்கிருந்து வந்தது? நாடாவைச் சுருளில் சுற்றியபடியே வைத்துப் பார்த்தாள். சரியாக அந்த இடத்துக்கு மேல் சுற்றில், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல், உண்மையான ஒரு மூன்று அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. தீயின் சூட்டில் மேல் சுற்றுக் குறி கீழ்ச் சுற்றில் இறங்கியிருக்கிறது, ஈரம் காயாத மை அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்வதுபோல.

தண்ணீர்கூடக் குடிக்காமல் பண்டக அறைக்குப் போய், அட்டைப்பெட்டி ஆலை நாடாவை எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்தாள். நாற்பத்தோராவது குறிக்கு ஒரு சுற்று தள்ளி, வெடித்த அன்று காலை ஆறரை மணி. ஷிஃப்ட் தொடங்கும்போது தினமும் மணியை அடிக்கவிட்டு, பொத்தானை அழுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை மூன்று அங்கே இருந்தது. மயிரிழை பிசகாமல் நேர் மேலே. மறுபடி அளந்தாள். அதே அளவுதான்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வழக்கம்போல் கேலி செய்யவில்லை. "ஒரே ஆளை ரெண்டு வாட்டி கேட்டுட்டு ரெண்டு சாட்சின்னு எழுதிட்டியேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மேலதிகாரி மென்று முழுங்கினார். "முடிஞ்சுபோன வழக்கு. இப்போ கிளறினா நம்ம படிச்ச எல்லா நாடாவையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும் சார். நான் எழுதினது தப்பு. எழுதிக் குடுக்கப்போறேன்."

"உங்க வேலை போயிடும்மா."

"போனா போகட்டும் சார்."

வேலை போகவில்லை, மேஜைதான் போனது. பண்டக அறையில் அரக்கு முத்திரை எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவள் தன் தவறை மூன்று பக்கத்தில் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். வக்கீல் ஒருத்தியையும் பிடித்தாள். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, "இது பலமா இருக்கு. ஆனா மறுவிசாரணை மனுவை அவர்தான் போடணும். நான் பொத்தானை அழுத்தலைன்னு எழுதி அவர் கையெழுத்து வேணும். அது இல்லாம ஒண்ணும் நகராது" என்றாள்.

சிறையில் பார்வையாளர் அறை சுண்ணாம்பு வாடை அடித்தது. நடுவே கம்பி வலை, இரண்டு பக்கமும் பெஞ்சு. பாய்லர்காரர் வந்து உட்கார்ந்தார். இடது கை சுருங்கி மணிக்கட்டோடு மடங்கியிருந்தது. காது சரியாகக் கேட்காததால் வலையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டார். அவள் தான் யார் என்று சொன்னாள். நாடாவைப் படித்தவள் நான்தான் என்று சொன்னாள். பிறகு கட்டத் தாளை விரித்து, அதையே நாடாபோல் சுருட்டிக் காட்டி, விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். அரை மணி நேரம் தந்திருந்தார்கள், அதில் பாதி அதற்கே போனது.

"அண்ணே, நீங்க அழுத்தவே இல்ல. மணி அடிக்கவே இல்ல. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயே வரல. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவளைப் பாவம் என்பதுபோல் பார்த்தார்.

"இல்லம்மா. நான்தான் அழுத்தினேன்."

"அண்ணே?"

"மொதல்ல எனக்கும் ஞாபகம் இல்ல. மெஷினே ரெண்டு வாட்டி பாத்துச் சொல்லுதுன்னு கோர்ட்ல சொன்னாங்க. ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு என் வக்கீலும் சொன்னாரு. யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்துடுச்சு. இப்போ நல்லாத் தெரியுது. இந்தக் கையில டீ டம்ளர். இந்தக் கட்டைவிரலால அழுத்தினேன். ஜன்னல் வழியா வெயில் சாஞ்சு வந்து மேஜை மேல விழுந்திருந்துச்சு. மணி நின்னதும் அப்பாடான்னு இருந்துச்சும்மா."

அந்த அறையின் வரைபடம் வழக்குக் கோப்பில் இருந்தது. அவள் அதை நூறு தடவை பார்த்திருப்பாள். ஒரே ஜன்னல், கிழக்கே. பத்தரை மணிக்குச் சூரியன் மேலே ஏறிவிடும், மேஜைவரை வெயில் சாய்ந்து விழ வழியே இல்லை.

"அண்ணே, அது காலையில ஆறரை மணி வெயில்" என்றாள். "நீங்க சொல்றது காலையில சோதனைக்கு அழுத்தினது. அதுதான் இங்க வந்து ஒட்டிக்கிச்சு."

ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்தது, போய்விட்டது. சுருங்கிய கையை நல்ல கையால் தடவிக்கொண்டார்.

"இருக்கலாம். ஆனா ஏழு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி போட்டுட்டேன். நாலு வீட்டுலேர்ந்து பதிலே இல்ல. மூணு வீட்டுலேர்ந்து வந்துச்சு. ஒரு அம்மா, போகட்டும்பா, நீ என்ன வேணும்னேவா செஞ்சே அப்படின்னு எழுதியிருக்காங்க. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் நான் தூங்கினேன். இப்போ போய் நான் செய்யலைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஆலைக்காரன் மன்னிப்புக் கேப்பானா? அவங்க யாரை மன்னிப்பாங்க?"

"உங்க பொண்ணு வெளியில இருக்கா அண்ணே. இன்னும் ஏழு வருஷம்."

"அவளும் என்னை மன்னிச்சுட்டா" என்றார் அவர்.

மனுவை வலைக்குக் கீழே இருந்த சந்து வழியாகத் தள்ளினாள். அவர் அதைப் பார்த்தார். அழகாக நேர்படுத்தி, ஓரத்தை விரலால் நீவி, திரும்ப அவள் பக்கமே தள்ளினார். காவலாளி நேரமாகிவிட்டது என்றான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் புருஷன் சீருடையோடு காத்திருந்தார், அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவள் கையிலிருந்த தாளை வாங்கிக் கீழே பார்த்தார். கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

"போடலையா? சரி விடு, அடுத்த மாசம் வந்து இன்னொரு வாட்டி கேட்டுப் பாப்போம்."

அவள் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்கிட்ட என்னத்தைக் கேக்கறதுங்க?" என்றாள். "அவருக்குள்ள இப்ப இருக்கறது நான் எழுதினதுதான்."