மேற்குப் பக்க வேலி

போன கிழமை சுவிஸின் எம்மன்புரூக்கேயில் அளவைக் கருவியின் முக்காலியை ஊன்றும்போது ஒரு கால் பூசணிக் கொடியில் ஏறிவிட்டது. நசிந்த இலையின் பச்சை மணம் எழும்பியது. நான் நில அளவைத் தொழில் படித்தவள். வேலைத்தளத்தில் மூக்கை அதிகம் பாவிப்பதில்லை. ஆனால் அந்த மணத்துக்கு நிமிர்ந்து பார்த்தேன். நான் நின்றது எங்கள் பழைய தோட்டத்தில்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நகராட்சி வாடகைக்குக் கொடுத்த துண்டு நிலம். மூலையில் ஒரு மரக்குடில். அப்பா வேலை முடிந்து வந்து அங்கே கத்தரியும் பயற்றங்காயும் வைப்பார். எனக்கு எதையும் பட்டியலாகத்தான் நினைக்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தில் அப்பா சந்தேகப்பட்டவை: தண்ணீர் மீற்றர், தோட்டச் சங்கத் தலைவரின் சிரிப்பு, நத்தைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழக்குப் பக்கத்துப் போர்த்துக்கீசர். அவர் எல்லைப் பலகையை எங்கள் பக்கம் நகர்த்துகிறார் என்பது அப்பாவின் தீர்ப்பு. சனிக்கிழமை வந்தவுடன் முதல் வேலை, பலகையிலிருந்து வெங்காயப் பாத்தி வரை சாண் போட்டுப் பார்ப்பது.

"இவங்கடை ஆக்கள் எங்கடை யாழ்ப்பாண ராச்சியத்தையே பிடிச்சவங்கள் பிள்ளை. பலகையைத் தள்ள எவ்வளவு நேரம்?"

"வேதத்தைத் தந்ததும் அவைதானே," என்பார் அம்மா. எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம்.

வேலி தள்ளுவது யாழ்ப்பாணத்தில் பழைய கலை. புது ஓலைக் கிடுகு கட்ட வேலியை அவிழ்க்கும்போது, அதைத் தாங்கும் கதியால் தடிகளைக் கொஞ்சம் அடுத்த வீட்டு வளவுக்குள் நட்டுவிட்டால் போதும். அதனால் ஆயுள் முழுக்கக் கதைக்காமல் இருந்த அண்ணன் தம்பிகளைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய கதைகளில் எப்போதும் மற்றவர்கள்தான் தள்ளுவார்கள்.

ஊரில் போர் முடிந்து இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் எனக்கு வந்த தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மேற்கே போய்க் குடியேறியது. சாண்ட்ரா என்ற தோழிக்கு அதே காலத்துச் சமூகச் சீர்திருத்தங்கள். என் வரைபடத்தில் அம்புக்குறிகள் எல்லாம் மேற்கே பாய்ந்தன. அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. சமையலறை மேசையில் அதை விரித்து, ஒத்திகையாக, வீட்டில் தமிழில் சொன்னேன். துணிக்கூரை போட்ட வண்டிகள், புல்வெளிகள், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் காணி சொந்தம் என்ற சட்டம்.

"செய்தவனுக்கே காணியோ? அருமையான சட்டம்," என்றார் அப்பா.

அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "முந்தி அங்கை ஆர் இருந்தது?"

"பூர்வகுடிகள் அம்மா."

"அவை எங்கை போனவை?"

"ஒதுக்கின இடங்களுக்கு அனுப்பிட்டாங்கள்."

"ஓ. முகாம்."

அப்பா தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு ரீவிக்கு முன்னால் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

காரணம் இருந்தது. எங்கள் மேற்குப் பக்கத் துண்டு ஒரு சுவிஸ் முதியவருடையது. எந்த வெயிலிலும் தொப்பி போடுவதால் அவர் எங்களுக்குத் தொப்பிக்காரர். அந்த வசந்தத்துக்குப் பிறகு அவரைக் காணவில்லை. புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. முதலில் எங்கள் பூசணி அந்தப் பக்கம் போனது. "கொடிக்கு எல்லை தெரியுமோ?" என்றார் அப்பா. பிறகு கொடிக்குத் துணையாகச் சில தடிகள் போயின. பிறகு ஒரு சனிக்கிழமை, கம்பிவலை தொய்ந்துவிட்டது என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அடுத்த கிழமை பார்த்தால் தொப்பிக்காரரின் சிவப்புப் பழச் செடி எங்கள் வேலிக்குள் நின்றது. செடி நடக்காது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

அம்மாவும் அதைக் கண்டுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, இந்தச் செடி எப்ப எங்களுக்கு வந்தது?"

"சும்மா கிடக்கிற காணியப்பா. பாழாப் போகுது, நான் பாக்கிறன்," என்றார் அப்பா.

"மயிலிட்டியிலை எங்கடை வளவைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆமியும் இதைத்தானே சொல்லுறான்?"

"அதுவும் இதுவும் ஒண்டோ!"

அப்பா போட்ட சத்தத்தில் போர்த்துக்கீசர் எட்டிப் பார்த்தார். அந்த வளவுக்கு எப்போதாவது திரும்பலாம் என்றுதான் அப்பா சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காமலே இருந்தார். அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சாண்ட்ராவின் தலைப்பைப் பற்றி விசாரித்தார். வாக்குரிமையே இல்லாத அந்தக் காலத்துப் பெண்கள், மதுக்கடை வாசலில் முழங்காலில் நின்று செபித்ததைச் சொன்னேன்.

"கடையை மூடினவங்களோ?"

"சில பேர் மூடினவங்கள்."

அடுத்த சனிக்கிழமை அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் மேற்குப் பக்க வேலியோடு போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் குடை, மறுகையில் செபமாலை.

"என்னப்பா இது? வீட்டிலை இருந்து செபம் சொல்லன்," என்றார் அப்பா.

"இஞ்சைதான் தேவை."

சத்தமாகவே செபமாலை சொன்னார். கொஞ்ச நேரத்தில் போர்த்துக்கீசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமல், பக்கத்தில் நின்று தன் மொழியில் சேர்ந்துகொண்டார். அம்மா செபிப்பதை அப்பா தாங்கியிருப்பார். அந்தப் போர்த்துக்கீசன் செபிப்பதைத் தாங்க முடியவில்லை. கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வந்து வலையை அவிழ்த்தார். தடிகளையும் மூலைக்கட்டையையும் பிடுங்கி ஒவ்வொன்றாகப் பின்னால் நட்டார். சாண் போட்டுப் பார்க்கவில்லை. செடி மறுபடி அந்தப் பக்கம் போனது. காய்த்துவிட்ட பூசணிகளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்.

இலையுதிர் காலத்தில் தொப்பிக்காரர் ஊன்றுகோலோடு வந்தார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். தன் நிலத்தில் கிடந்த பூசணிகளைப் பார்த்து, தான் இல்லாதபோது அப்பா தனக்காக வைத்தவை என்று நினைத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுவாரம் சிவப்புப் பழ ஜாம் ஒரு போத்தல் தந்தார். அந்தப் போத்தல் எங்கள் குளிர்சாதனப் பெட்டிமேல் திறக்காமலே இருந்தது.

"ஏன் தாறான்? ஏதோ தெரிஞ்சிட்டுது," என்றார் அப்பா.

தொப்பிக்காரர் பிறகு இறந்துபோனார். போர்த்துக்கீசர் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போனார். இப்போது அந்த வரிசை முழுவதும் அடுக்குமாடி வரப்போகிறது. அதன் மூலைகளைக் குறிப்பதுதான் என் வேலை. எங்கள் மேற்குப் பக்க வேலியின் மூலைக்கட்டை இன்னும் மண்ணில் நின்றது. என் வேலைக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் அப்பாவின் மகள்தானே, பழைய வரைபடத்தோடு சரிபார்த்தேன். கட்டை உண்மையான எல்லையில் இல்லை. ஒரு சாண் தள்ளி, எங்கள் நிலத்துக்குள் நின்றது.

பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, நீங்கள் எடுத்ததைவிடக் கூடவெல்லோ திருப்பிக் குடுத்திருக்கிறீங்கள்."

ரீவிச் சத்தத்தைக் குறைத்தார்.

"நானோ? விசரே உனக்கு. அந்த மனிசன்தான் தள்ளியிருக்கும். ஜாம் போத்தல் வரேக்கையே யோசிச்சனான்."

மறுநாள் காலை கட்டையைப் பிடுங்கிப் போட்டேன். அந்தக் குழி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மண் வெட்டும் இயந்திரம் அதன்மேல் ஏறி, சிவப்புப் பழச் செடியையும் சாய்த்துக்கொண்டு, மேற்குப் பக்கமாகப் போனது.