வழக்கில் ஜெயித்த சாலை

பிள்ளைகளே, யோங் பெங் ஊர்ப் பக்கம் நமக்கிருந்த ஒரே சொத்தான ரப்பர்க் காட்டின் நடுவே, அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்காமல் சாலை போட்டது. நான் வழக்குப் போட்டேன். நோட்டீஸ் கொடுக்காமல் எடுத்தது செல்லாது, நிலம் எனக்கே என்று பெரிய கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆனால் சாலையைச் சுருட்டி எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. ஆகவே நம் ஆட்டை அதன் நடுவில் கட்டினேன். அந்தச் சாலையைப் போட்ட வெள்ளைக்காரத் துரையின் கார் வந்து நின்றது.

"யோவ், ஆட்ட அவுத்து வுடுய்யா!" என்று டிரைவர் கத்தினார்.

"இது எங்க எடம்லா. ஆடு படுத்திருக்கு, எழுந்ததும் நீங்க போலாம்," என்றேன்.

துரை இறங்கி நின்று வியர்த்தார். ஆடு அசை போட்டது. அடுத்த வாரமே முறைப்படி நோட்டீஸ் வந்தது. நிலத்துக்கும் வெட்டிய மரங்களுக்கும் விலை கொடுத்தே எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அம்மாதான், "வக்கீலுக்குப் பதிலா மொதல்லயே ஆட்ட அனுப்பிருக்கலாம்ல?" என்றாள்.