டிக்கிக்குக் காட்டிய கற்பூரம்

பல கை மாறி வந்த பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை நான் வாங்கியது ஓர் ஆனி மாதம். அதற்கு முதல் பூஜை, அவ்வாண்டு ஆயுத பூஜையன்று காலையில், எங்கள் மந்தைவெளி வீட்டு வாசலில் நடந்தது. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. சாமந்தி மாலையுடன் அந்தச் சிவப்பு வண்டி கனவில் வந்ததுபோல் நின்றது. அதன் முன்னால் கற்பூரத் தட்டைச் சுற்றினேன்.

"டிக்கிக்கு ஆரத்தி காட்றீங்க. இன்ஜின் பின்னாடிதானே இருக்கு?" என்று சிரித்தாள் மனைவி வசந்தா.

உண்மைதான். தட்டோடு பின்பக்கம் நடந்தேன். வழியிலேயே கடற்காற்று கற்பூரத்தை அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றத் தீக்குச்சியை உரசப் போனவள் கையை நிறுத்தினாள்.

"பெட்ரோல் வாசனை வருதுங்க."

குனிந்து பார்த்தேன். வெடித்திருந்த ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டி, ஈரத் தரையில் வானவில்லாகப் பரவியிருந்தது. அந்த நிறங்களில் ஒரு கணம் லயித்துவிட்டேன். பிறகுதான் அவள் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் தூரக் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகம் ஓடாத வண்டி என்று நம்பி, குழாய்களின் வயதை நான் விசாரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. இப்போது வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பூ மட்டுமே. தினமும் சாவி போடுமுன் மண்டியிட்டு அடியில் முகர்ந்து பார்க்கிறேன்.

"நமஸ்காரம் பண்றார்" என்கிறாள் வசந்தா, தெருவில் போகிறவர்களிடம்.